அப்பாவின் இரட்டைக்குழலும் நான் அளந்த கதையும்

விராஜ்பேட்டை,
கைல்போடுத் திருவிழா கழிந்த ஐந்தாம் நாள்.

மதிப்பிற்குரிய தேச்சக்காவுக்கு,

தம்பி குஷாலப்பா உன் பாதம் தொட்டு எழுதுவது. இங்கே நானும் சோண்டம்மாவும் நலம், காப்பிச் செடிகளும் நலம், மழைதான் கொஞ்சம் அதிகம். மைசூரில் நீயும் நாணய்யா அத்தானும் அவருடைய முழங்காலும் நலமாக இருக்க இக்குத்தப்பன் அருள் புரியட்டும். பத்து நாளாக என் எண்ணைப் பார்த்ததும் நீ போனை வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதானால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

அந்தப் பத்திரிகைப் பேட்டி நானாகத் தேடிப் போனதில்லை அக்கா. மைசூரிலிருந்து சுமேதா என்று ஒரு பெண் வந்தாள். வீட்டுக்கு வீடு சுவரில் மாட்டியிருக்கும் துப்பாக்கிகளைப் பற்றி எழுதுகிறாளாம். முதலில் கொள்ளுத்தாத்தாவின், குழல்வழியே வெடிமருந்து இடிக்கிற பழைய துப்பாக்கியைக் காட்டினேன். இரண்டு எருதுகளைக் கொடுத்து அவர் அதை வாங்கி வந்ததையும், அது வெடித்ததைவிட அவர் மீசையைப் பொசுக்கியதே அதிகம் என்பதையும் சொன்னேன். சிரித்தாள். அடுத்து நான் போட்டியில் ஜெயித்த சின்ன ரைஃபிளை எடுத்தேன். கொட்டாவி விட்டாள். "சார், உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? அதுக்குப் பின்னாடி ஏதாவது கதை இருக்கா?" என்று கேட்டாள். கொட்டாவி விட்ட வாய் மூடுவதற்குள் அப்பாவின் இரட்டைக்குழலை இறக்கிவிட்டேன். காயம்பட்ட காட்டுப்பன்றி, கிழிந்த கால், கீழே கிடந்தபடியே ஒரே வெடி என்று அப்பா சொல்லிச் சொல்லி நமக்கு மனப்பாடமான அதே கதைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் பேனா ஓடிய வேகத்தைப் பார்த்ததும் என் நாக்கும் ஓடிவிட்டது. ஒன்பது வயதில் நான் அப்பாவின் பக்கத்திலேயே நின்று தோட்டா எடுத்துக் கொடுத்ததாகவும் சொல்லிவிட்டேன்.

நான் எங்கே இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். மாட்டுக்கொட்டகைப் பக்கத்துப் பலாமரத்தின் மேலே, இரண்டு கையாலும் கிளையைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு இருந்தேன். கால்சட்டையின் நிலைமையை இந்த வயதில் எழுத வேண்டாம். வெடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது பன்றி சாய்ந்து கிடந்தது, அப்பா சேற்றில் கிடந்தார், புகைகிற துப்பாக்கியோடு, பதினேழு வயதில், நீ நின்றிருந்தாய். அன்று சாயங்காலம் கட்டுப்போட்ட காலோடு அப்பா என்னைக் கூப்பிட்டு, "சுட்டது நான்தான். தெரிஞ்சுதா?" என்றார். தெரிந்தது என்றேன். சுட்டவருக்கு உரிய பின்னந்தொடையை அவர்தான் சாப்பிட்டார். ஒவ்வொரு கைல்போடுக்கும் துப்பாக்கிகளைத் துடைத்து, விளக்கின் முன் வைத்து, செங்காந்தள் பூ சொருகும்போது அப்பா அந்தக் கதையைச் சொல்வார். நீ ஓரமாக உட்கார்ந்து அரிசிக் கடம்பிட்டு உருட்டிக்கொண்டிருப்பாய். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய அறுபது வருஷம் ஆட்டியிருக்கிறேன் அக்கா.

பத்திரிகை வந்தது. அத்தானின் முழங்கால் வைத்தியர் வீட்டு மேசையில்தானா அது கிடக்க வேண்டும்! கல்யாணமான புதிதிலேயே என்னிடம் உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் சோண்டம்மா; நீ போனை வெட்டிய அன்றே என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா சுட்டதை அப்பாவுக்குக் கொடுத்தீங்க, மரத்துல இருந்ததை உங்களுக்கே வீரமா எழுதிக்கிட்டீங்க. அந்தப் பன்றிக்காவது ஏதாவது மிச்சம் வெச்சீங்களா?" என்றாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்றிக்கறி இறங்கியது, ஆனால் ருசிக்கவில்லை. கைல்போடு அன்று ஊர் கூடுகிற மந்து மைதானத்தில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

அங்கே கர்னல் மந்தண்ணா எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். போர்த்தினவர் சும்மா இருக்காமல், "அந்தச் சரித்திரத் துப்பாக்கியாலதான் இன்னிக்கு முதல் தேங்காயைச் சுடணும்" என்று சொல்லிவிட்டார். குறி பார்த்து விசையை இழுத்தேன். சால்வை ஒரு பக்கம் சரிந்தது, நான் மறுபக்கம் சரிந்தேன். தேங்காய் அசையவே இல்லை. அதற்கு மேல் கிளையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி ஒரு முறை கர்ரென்று உறுமிவிட்டு ஊமையாகிப் போனது. பெரியப்பா மகன் செங்கப்பா, "பன்றின்னா கதையா சொல்லுவே, ஸ்பீக்கர்னா சொல்லாமயே சுடுவே போல" என்று கத்தினான். ஆக, ஒலிபெருக்கி இல்லாமலே என் பாவமன்னிப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று. "அந்தப் பன்றியைச் சுட்டது எங்கப்பா இல்ல, எங்க தேச்சக்கா! நான் மரத்து மேல இருந்தேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, தன் பேரு வேண்டாம், அப்பா பேரும் வேண்டாம்னு எல்லாத்தையும் அக்காவுக்கு விட்டுக்கொடுக்குறாரு. இதுதான் பெரிய மனசு!" என்றார். பலமாகக் கை தட்டினார்கள். இன்னொரு சால்வையும் போர்த்தினார்கள். பொய் சொன்னதற்கு ஒன்று, உண்மை சொன்னதற்கு ஒன்று என்று இரண்டு சால்வையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

நான் சொல்லி ஊர் நம்பாது அக்கா. நீயே ஒருமுறை வந்து சொல்லு. அந்த நாளுக்குப் பிறகு இரட்டைக்குழலை நீ கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. எடுக்கவிடாமல் செய்தவர்களில் நானும் ஒருவன். அப்பா பொய் சொன்னது வலியில். நான் சொன்னது வெறும் ஆசையில். என்னை மன்னித்துவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் காவேரித்தாய் நீண்ட ஆயுளும், உண்மை பேசுகிற நாக்கும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உன் தம்பி குஷாலு

பி.கு.: தபால்தலை தேடி நான் மாடிக்குப் போன நேரத்தில் சோண்டம்மா இந்தக் கடிதம் முழுவதையும் உனக்குப் போனில் வாசித்துவிட்டாள். இறங்கி வந்ததும் போனை என் காதில் வைத்தாள். அதில் நீ சொன்னதை உனக்கே திருப்பி எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும் போலிருக்கிறது.

"நான் எங்கடா சுட்டேன்? நீ கண்ணைத் திறந்தப்ப துப்பாக்கி என் கையில இருந்துச்சு, அவ்வளவுதான். சுட்டது அம்மாடா. சுட்டுட்டு, 'பிடிடி இதை'ன்னு என்கிட்ட கொடுத்துட்டு, அப்பா காலைக் கட்டத் துணி எடுக்க உள்ளே ஓடினா."

"அப்ப என் மேல உனக்கு என்ன கோபம்?" என்று கேட்டேன்.

"அம்மா பயந்துபோய் அடுப்பங்கரையில மயங்கி விழுந்துட்டான்னு பேட்டியில சொல்லியிருக்கியேடா, பாவி!"

சொல்லியிருந்தேன். கதைக்கு நன்றாக இருக்குமே என்று சேர்த்த அந்த வரியை, மேலே உன்னிடம் ஒப்புக்கொள்ளக்கூட எனக்கு நினைவு வரவில்லை. அம்மா ஏன் கண்ணை மூடும்வரை வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். நீயும் ஒருநாள் அதைக் கேட்டாயாம். "உங்கப்பாவுக்குக் கால்தான் நேராகாமப் போச்சு. கதையாவது நேரா நிக்கட்டும், விடு" என்று சொல்லிவிட்டு அம்மா அரிசி களையப் போய்விட்டாளாம்.

மன்னிப்புக் கேட்ட இடத்திலெல்லாம் உன் பெயரை அடித்துவிட்டு அம்மாவின் பெயரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உறையின் மேல் என்ன விலாசம் எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் இதை உனக்கே அனுப்புகிறேன்.