சீட்டு வந்துவிட்டது

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மனைவியும் நலமாகத்தான் இருப்பாள். அவள் இப்போது தங்கள் வீட்டில் இருப்பதால் அதைத் தாங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். நானும் நலம். வீட்டில் சமையலறை மட்டும் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் பார்த்தேன். என் குரலைக் கேட்டதும் அவள் வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது எடுத்த தாங்கள், "மாப்பிள்ளை, எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்றீர்கள். வரி ஆலோசகரான தாங்கள் வேறெப்படிச் சொல்வீர்கள்? ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். நான் பொய் சொல்லவில்லை. எடைக்கற்களையும் தராசுகளையும் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், வார்த்தையையும் நிறுத்துத்தான் போடுவேன். கோளாறு வார்த்தையில்தான் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நான் செய்த வார்த்தை அல்ல. மாதாமாதம் பணம் கட்டி மொத்தமாக எடுக்கிறோமே, அதற்கும் சீட்டு என்றுதான் பெயர். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதும் சீட்டு. காரில் உட்கார்கிற இடமும் என் மெக்கானிக் வாயில் சீட்டுதான். மூன்றுக்கும் ஒரே பெயரை வைத்தது யார் என்று விசாரிக்காமல் என்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

என் கார் தங்களுக்குத் தெரியும். போன தடவை வந்தபோது அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது ஓடுமா, இல்ல நிக்கிறதுக்கு மட்டுமா?" என்று கேட்டீர்கள். என் வயதில் முக்கால்வாசி அதற்கு. ஒரு மாட்டு வைத்தியரிடமிருந்து வாங்கினேன்; மழை பெய்தால் இப்போதும் உள்ளே அந்த வாசனை வரும். வாங்கிய அன்றே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பென்ஷன் வீட்டுக்கு, அதிலிருந்து வண்டிக்குச் சல்லிக்காசு கிடையாது. வண்டி தன் அதிர்ஷ்டத்தில் பிழைத்துக்கொள்ள வேண்டும். அதன் அதிர்ஷ்டம் சனிக்கிழமைதோறும் மனமகிழ் மன்றத்தில் என் கையில் விழும் ரம்மிச் சீட்டில் இருந்தது, அவ்வளவுதான். ஜெயித்தால் ஒரு பாகம் வரும், தோற்றால் வண்டி காத்திருக்கும். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவு மருந்துக்கடைக்காரர் தோற்ற காசு. ஹாரன் பல் டாக்டருடையது. அவர் அன்று ஜோக்கரையே தூக்கிக் கீழே போட்டார், நான் என்ன செய்ய? ரேடியேட்டரில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் வந்தால் பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால், "சார், நேத்து கை எப்படி?" என்றுதான் கேட்பான். என் முகத்தைப் பார்த்துவிட்டே சில நாள் ஸ்பேனரை எடுக்காமல் திரும்பிப் போயிருக்கிறான். பிரேக் மாற்ற வேண்டிய சமயம் பார்த்து எனக்குக் கை வறண்டுபோனது. அதனால் மேடுபள்ளம் இல்லாத தெருவாகப் பார்த்து, ஹேண்ட் பிரேக்கை நம்பி, நடக்கிறவர்கள் முந்திப் போகும் வேகத்தில் ஓட்டினேன். யாருக்கும் கெடுதல் இல்லை.

அதே மன்றத்தில் மாடியில் மாதச் சீட்டும் நடக்கிறது. சீட்டாட்டம் கீழே. எனக்கு மூட்டுவலி, நான் மாடி ஏறுவதில்லை. தங்கள் தங்கை யாரோ சொல்லிக் கேட்டுவிட்டு வந்து, "மன்றத்துல சீட்டு நடக்குதாமே, நீங்களும் சேர்ந்திருக்கீங்களா?" என்றாள். "அதுக்குத்தானே சனிக்கிழமை சனிக்கிழமை போறேன்" என்றேன். அவள் மேலே நினைத்துக் கேட்டாள், நான் கீழே நினைத்துச் சொன்னேன். இதில் எங்கே பொய்? அப்புறம் அடிக்கடி, "சீட்டு எப்ப விழும்?" என்று கேட்பாள். "விழும்போது விழும், நம்ம கையிலயா இருக்கு?" என்பேன். அதுவும் சத்தியம்தானே, மச்சான்? ஆனால் அவள் பக்கத்து வீட்டில் போய், "எங்க வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போறதைக் கூட நிறுத்திட்டு எனக்காகச் சீட்டுக் கட்டறார்" என்று பெருமை பேசியிருக்கிறாள். அது என் காதுக்கும் வந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். அன்று கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, கிளம்பிவிட்டேன்.

அவள் எதற்காகக் கேட்டாள் என்பது தங்களுக்கும் தெரியும். எங்கள் சமையலறைத் தரை சாய்வு தப்பிய தரை. பாத்திரம் கழுவும் தண்ணீர் வெளியே போக வேண்டியது, நேரே அடுப்படிக்கு வந்து நிற்கும். குடிவந்த நாளிலிருந்து அவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சமைக்கிறாள் என்றே சொல்லலாம். தரையை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும், மேடையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். ஆசை என்று அவள் வாயைத் திறந்து கேட்டது அந்த ஒன்றுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு நேரம் சரியில்லை. ஆட ஆட அவருக்கு இறங்குமுகம், எனக்கு ஏறுமுகம். முகத்தை அலம்பிக்கொண்டு வந்து ஆடினார், இடம் மாறி உட்கார்ந்து ஆடினார், ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பணத்தில் பிரேக் போட்டிருக்க வேண்டும் என்பான் மெக்கானிக். நான் காரில் உட்கார்கிற சீட்டுக்குக் கொடுத்தேன். காரணம் இருக்கிறது. இந்த வண்டியில் தங்கள் தங்கை ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனோம். என் பக்கத்துச் சீட்டில் ஸ்பிரிங் ஒன்று வெளியே வந்து அவளுடைய புதுப் புடவையைப் பின்பக்கம் கிழித்துவிட்டது. விசேஷம் முடிகிறவரை சுவரில் சாய்ந்தே நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் அசையவில்லை. "இனி இந்த வண்டியில ஏறினா ஏன்னு கேளுங்க" என்றாள். நானும் கேட்கவே இல்லை. பக்கத்துச் சீட்டு காலியாகவே வந்துபோகும். ஓட்டிக்கொண்டே ஏதாவது சொல்லத் திரும்புவேன், ஆள் இருக்காது.

முன் சீட்டு இரண்டும் புதிதாகச் செய்து வந்த அன்று நான் வீட்டில் இல்லை. மெக்கானிக் போன் பண்ணியிருக்கிறான். அவன் பேசியதை அவனிடமே திரும்பக் கேட்டு எழுதுகிறேன். "அம்மா, சார்கிட்ட சீட்டு வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. நல்ல கனமா வந்திருக்கு. இப்ப முன்னாடி ரெண்டு, மிச்சம் பின்னாடி வரும். உடனே எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, இங்க கிடந்தா எலி கடிச்சுடும்." அவள், "ஐயோ, எலி கடிக்கிற இடத்திலயா வெச்சிருக்கீங்க? பீரோ கிடையாதா?" என்று கேட்டிருக்கிறாள். அவன், "பீரோவுல அடங்காதும்மா" என்றிருக்கிறான்.

போதாதா? பீரோவில் அடங்காத பணம். போனை வைத்த கையோடு அவள் போய்க் கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டாள். அந்த மனிதரை நான் குழாயடியில் ஒரு கல் மாற்றக் கூப்பிட்டால் அடுத்த மாதம் வருவார், அன்று பார்த்து உடனே வந்திருக்கிறார். வந்தவர் மேடையை உடைத்து, தரையைப் பெயர்த்து, பாத்திரம் கழுவும் தொட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார். நானோ வெளியே போன வழியில் மெக்கானிக் கடையில் எட்டிப்பார்த்து, சின்ன லாரி ஒன்றில் என் இரண்டு சீட்டையும் ஏற்றிக்கொண்டு, தோல் வாசனையை முகர்ந்துகொண்டு, ராஜா மாதிரி வந்து இறங்குகிறேன். வாசலில் தொட்டி. உள்ளே தூசி மண்டலம். அதற்கு நடுவில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தங்கள் தங்கை. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது, மச்சான். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

"சீட்டு வந்துடுச்சாமே!"

"வந்துடுச்சு, உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க?"

"லாரியில."

"லாரியிலயா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஓடிப்போய்ப் பார்த்தாள். இரண்டு சீட்டும் பாலித்தீன் உறைக்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. பாலித்தீனை விரலால் அழுத்திப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். "அப்ப நீங்க போனது இந்தச் சீட்டுக்கா?" என்றாள். இல்லை, அது வேறு சீட்டு, இது அதிலிருந்து வந்த சீட்டு என்று நான் விளக்கத் தொடங்கியது பெரிய தப்பு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பாதி விளக்கத்திலேயே அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கொத்தனார் என்னையும் உடைந்த தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், பணம் வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்று போய்விட்டார்.

இப்போது என் நிலவரம். அடுப்பு கூடத்தில் இருக்கிறது. குடிதண்ணீர் குளியலறையிலிருந்து வருகிறது. சமையலறை இருந்த இடத்தில் மேடும் பள்ளமும். உப்பு எடுக்கப் போனால் முழங்கால் அளவுக்கு இறங்கி ஏற வேண்டும். சீட்டு இரண்டையும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஒன்றில் நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மற்றதில் யாரும் இல்லை. நான் உணர்ச்சிவசப்படுகிற ஆள் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், அவள் இல்லாத வீடு எனக்கு ஒத்துவரவில்லை.

ஆகவே தங்களுக்கு எழுத்தில் தருவது: இனி மேலே, கீழே, எந்தச் சீட்டையும் தொடமாட்டேன். வண்டியை விற்கிறேன். போட்டோ ஸ்டுடியோக்காரர் கேட்டிருக்கிறார். கடை வாசலில் நிறுத்தி, பக்கத்தில் ஆட்களை நிற்க வைத்துப் படம் எடுப்பாராம். ஓட வேண்டியதில்லை என்பதால் பிரேக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்தப் பணத்தில் தரை, மேடை எல்லாம் முடியும். சூதாடுகிறவன் கடைசியில் தோற்றே தீர்வான், அது கணக்கு என்று தாங்கள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறீர்கள். நான்தான் கேட்கவில்லை. தாங்கள் சொன்னால் அவள் கேட்பாள். தயவுசெய்து எடுத்துச் சொல்லி, கூடிய சீக்கிரம் அனுப்பிவையுங்கள்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் கையில் எந்தச் சீட்டும் படாமல் வளரட்டும். தங்கள் தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கள் போன் வந்தது. பிற்பாடு இல்லை என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காகத் தாங்கள் சொன்னதையும் எழுத்தில் வைக்கிறேன். குளியலறையிலிருந்து பேசினீர்கள், சத்தம் வெளியே போகாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருந்தது எனக்கும் கேட்டது. "மாப்பிள்ளை, சீட்டுன்னா என்னதான்னு காட்டுன்னு தங்கச்சி கேட்டா. சூதாடினா எப்படித் தோப்பாங்கன்னு கணக்கோட புரியட்டும்னு சும்மா ஒரு ஆட்டம் போட்டுக் காட்டினேன். காசு வெச்சாத்தானே தோத்தது உறைக்கும்னு கொஞ்சம் காசும் வெச்சேன். என்னையும் என் வீட்டுக்காரியையும் துடைச்சு எடுத்துட்டா, மாப்பிள்ளை. உடனே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். அப்புறம் கதவு தட்டும் சத்தம். போன் கை மாறியது.

"சீட்டை வண்டியில மாட்டியாச்சா?" என்றாள்.

"இல்ல, கூடத்துலதான் இருக்கு."

"மாட்டுங்க. என் பக்கம் ஸ்பிரிங் குத்தாதே?"

"உட்கார்ந்து பார்த்துட்டேன். குத்தல."

"அப்ப வண்டியிலேயே வந்து கூட்டிட்டுப் போங்க. கொத்தனாரை நாளைக்கே வரச் சொல்லுங்க, தரைக்குக் காசு ஆச்சு. பிரேக் போட்டாச்சா?"

"அதுக்கு எங்க..."

"சரி இருங்க. அண்ணனுக்கு விட்டதைப் பிடிக்கணுமாம், கலைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். முடிச்சுட்டுச் சொல்றேன்."

ஆகவே, மச்சான், மேலே எழுதியவற்றில் வணக்கத்தையும் ஆசியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி விற்பனைக்கு இல்லை. அவளை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம், பிரேக் இல்லாமல் நான் அவ்வளவு தூரம் வர முடியாது. சமையலறைத் தரை தங்கள் பெயரில் இருக்கிறது. பிரேக்கும் தங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.