பின்சீட்டுக்கு நாலு ரப்பர்

“என்னங்க, மிக்ஸி நடந்து போகுது!”

சமையலறையிலிருந்து கத்தல் வந்தபோது நாற்றுக்காரர் கொட்டகையில், தன் நாலு சக்கர பைக்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மேடு பள்ளம் பார்க்காமல் ஏறி இறங்குகிற பண்ணை வண்டி அது. எரு மூட்டையும் செடித்தொட்டியும் சுமந்தே பெயின்ட் எல்லாம் போயிருந்தது. மிக்ஸி ஏன் நடக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதன் ரப்பர் கால்கள் நான்கும் இப்போது வண்டியின் இன்ஜினுக்குக் கீழே இருந்தன.

“பழசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்றார் படுத்தபடியே.

“பழசா? போன மாசம்தானே வாங்கினோம்!”

அடுத்து தடாலென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மனுஷரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் கஷ்டம் அவருக்கு.

கல்யாணமான வருஷம் புதிதாக வாங்கிய வண்டி அது. அப்போது வீட்டில் திரும்பின பக்கமெல்லாம் ஆள். அம்மா, அப்பா, தங்கச்சி, தம்பி, போதாததற்குச் சித்தப்பா வேறு. புதுப்பெண்டாட்டியிடம் ரெண்டு வார்த்தை பேச இடமிருக்காது. சாயங்காலமானால், “ஏரிக்கரை நாத்தைப் பார்த்துட்டு வர்றோம்” என்று இருவரும் கிளம்பிவிடுவார்கள். கிளம்பியதுமே வண்டி தடதடவென்று நடுங்கும். “ஐயோ, விழுந்துடுவேன்!” என்று அவள் பின்னாலிருந்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். ஏரிக்கரை வரைக்கும் அந்தக் கை விலகாது. ஆகா, என்ன நாட்கள் அவை!

பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் வேலை பார்த்தார்கள். இப்போது பேசுவதற்கு வீடு முழுக்க இடம் கிடந்தது. ஆனால் கொஞ்ச நாளாக அவள் வண்டியில் ஏறுவதேயில்லை.

“இடுப்பு தாங்கலைங்க. அந்த ஆட்டத்துல பல்லு கழண்டு விழுந்துடும்போல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

போய்ப் பார்த்தார். தனியாகப் பார்க்க அந்த ஏரியில் ஒன்றுமேயில்லை. அவளை எப்படியாவது மறுபடியும் பின்சீட்டில் உட்கார வைத்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

இன்ஜின் நேராகச் சட்டத்தின்மேல் உட்காரக் கூடாது, நடுவில் ரப்பர் இருந்தால்தான் நடுக்கத்தை அது வாங்கிக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். குனிந்து பார்த்தால் ரப்பர் இருக்க வேண்டிய இடம் காலி. தேய்ந்து உதிர்ந்திருக்கும் என்று முடிவுகட்டி, கடையில் புதிது வாங்கிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினார். முறுக்கிய முறுக்கில் ரப்பர் தகடாக நசுங்கிவிட்டது. வண்டி முன்னைவிட நடுங்கி, பக்கக் கண்ணாடி கழன்று விழுந்தது. இதைவிட மெத்தென்று ஏதாவது வேண்டும் என்று யோசித்தபோதுதான் மிக்ஸி கண்ணில் பட்டது.

மிக்ஸிக் கால்களோடு வண்டியைக் கிளப்பினார். இன்ஜின் தூளி மாதிரி ஆடியது. சைலன்சர் போய்ச் சட்டத்தில் டங் டங்கென்று இடித்தது. தெரு நாய்கள் பின்னாலேயே ஓடிவந்தன. தெருமுனை திரும்புவதற்குள் சூட்டில் ரப்பர் உருகி, வீச்சம் மூக்கைத் துளைத்தது.

தள்ளிக்கொண்டு வீடு திரும்பினால், வாசலில் கால் இல்லாத மிக்ஸியோடு அவள் நின்றாள். முகத்திலும் புடவையிலும் அரைத்த தக்காளி.

“இதோட காலு எங்க?”

“அது... வண்டியில.”

“வீட்டுல உருப்படியா நிக்கிறது அது ஒண்ணுதான். அதையும் படுக்க வெச்சுட்டீங்களா? உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“உனக்காகத்தான்டி” என்று சொல்ல வாயெடுத்தவர், தக்காளியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியில் கைவைப்பவர் அவர் ஒருவர்தான். எந்நேரமும் கையில் ஸ்பேனர் இருப்பதால் பெயரே ஸ்பேனர் ஆகிவிட்டது.

“இன்ஜினுக்கு ரப்பர் போடணும்ப்பா.”

ஸ்பேனர் தலையைச் சொறிந்தார். “ரப்பரா? அண்ணி சொன்னாங்களாண்ணே?”

“அவ இடுப்பு வலிக்குத்தான்ப்பா.”

“அப்ப சரி” என்று இன்ஜினை ஜாக்கியில் தூக்கி, ரப்பரைப் பொருத்தி, போல்ட்டை அளவாக முறுக்கினார். வண்டி கிளம்பியது. ஓடுகிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் ஏறி உட்கார்ந்தாள். நாற்றுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. தெரு முனை வந்தது. கையைக் காணோம். வாய்க்கால் பாலம் வந்தது. அப்போதும் காணோம். மிச்சமிருந்த ஒரு பக்கக் கண்ணாடியில் பார்த்தால், அம்மணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பஞ்சு மாதிரி போகுதுங்க!”

வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் விட்டார். அவள் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பியை! ஏரிக்கரையில் இறங்கியபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ஸ்பேனரின் பட்டறை வாசலில் நின்றார்.

“கழட்டிடுப்பா.”

“எதைண்ணே?”

“ரப்பரைத்தான்.”

“நேத்துத்தானே போட்டேன்! ஏதாவது சத்தம் வருதா?”

“ஒரு சத்தமும் இல்ல.”

“நடுங்குதா?”

“நடுங்கவே மாட்டேங்குது! அதான் கழட்டச் சொல்றேன். இருக்கிறதுல ஒண்ணு ரெண்டு மட்டும். அவ இடுப்புக்கும் வலிக்கக் கூடாது, லேசா ஒரு ஆட்டமும் இருக்கணும்.”

“ஆட்டம் எதுக்குண்ணே?”

நாற்றுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

“அவ என்னைப் பிடிச்சுக்கவே மாட்டேங்கிறாப்பா.”

ஸ்பேனர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, டயர் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு சொன்னார்:

“புது வண்டி எங்கயாவது அப்படி நடுங்குமாண்ணே? கல்யாணமான மறுவாரமே என்கிட்ட வந்து, ‘உங்கண்ணனைப் பிடிச்சுக்க எனக்கு ஒரு சாக்கு வேணும்’னு கம்பெனி ரப்பரைக் கழட்ட வெச்சதே அண்ணிதான்!”