நீடர்விஸ்லிக்குத் தலைவர் தேவை

நீடர்விஸ்லி,
நவம்பர், வழக்கம்போல் மூடுபனி

அன்பு மைத்துனன் பால்ஸுக்கு, உன் அத்தான் மைன்ராட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா அகதாவும் மாடுகளும் கடவுள் கிருபையால் நன்றாக இருக்கிறோம். அங்கே உன் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

நுரையீரலை மட்டும் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னால், ஊராட்சித் தேர்தல் நெருங்கும் நேரத்தில், "இந்த ஊர்க் காத்து எனக்குச் சுத்தமா ஒத்துக்கல அத்தான்" என்று இருமிக் காட்டிவிட்டு, கட்டிலையும் மெத்தையையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு குரோசெக்குக்குக் குடிபோனவன் நீ. குரோசெக் என்ன கடற்கரையிலா இருக்கிறது? நம் சர்ச் வாசலில் நின்று தும்மினால் அங்கிருந்து "ஆரோக்கியம்!" என்று பதில் வரும். நாங்கள் சுவாசித்து முடித்த மூடுபனிதான் மதியத்துக்கு மேல் அங்கே வந்து சேருகிறது. ஆனாலும் ஊர் எல்லையைத் தாண்டியதும் உன் இருமல் நின்றுவிட்டது. மருத்துவ உலகம் இதை ஆராய வேண்டும்.

நம் மாநிலத்துச் சட்டம் உனக்கு மறந்திருக்காது. அதற்குப் பயந்துதானே ஓடினாய். ஊர்ச்சபை கை தூக்கி ஒருவனைத் தலைவனாக்கிவிட்டால் அவன் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும், அல்லது வேறு ஊரில் பெயர் பதிந்திருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் உனக்குப் பொறுமை இல்லை. நீ போன பிறகு அந்தச் சபையில் நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கழிப்பறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். பொத்தானைக்கூடச் சரியாகப் போடவில்லை, அதற்குள் தலைவராகிவிட்டேன். அடுத்த தேர்தலில் உஷாராக இடத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். "எவ்வளவு ஆர்வமா உட்கார்ந்திருக்காரு பாருங்க" என்று சொல்லி மறுபடியும் என்னையே தேர்ந்தெடுத்தார்கள்.

எட்டு வருடமாக யார் நாய் யார் கோழியைக் கடித்தது, யார் வாசல் பனியை யார் வாசலுக்குத் தள்ளினான் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மகள் செராஃபினா கனடாவில் இருக்கிறாள். அவள் பெண்ணுக்கு நாலு வயதாகிறது. ஃபோனில் கூப்பிட்டால் என் நெற்றியைப் பார்த்துக் கையசைக்கிறாள். மீதி முகத்தை இன்னும் பார்த்ததில்லை. ஒரு வருடம் கிளம்பலாம் என்றால் மண் சரிந்தது. மறு வருடம் கழிவுநீர்க் குழாய் வெடித்தது. அதற்கடுத்த வருடம் மண்ணும் குழாயும் ஒன்றாகப் போயின. என் முதுகு ஒழுங்காக இருக்கும்போதே அந்தப் பிள்ளையை ஒரு தடவை தூக்கிவிட வேண்டும், பால்ஸ். இதைக் கேலியாக எழுதவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தேர்தல். எனக்கு இப்போது அறுபத்தொன்று. சிக்கினால் இன்னும் நாலு வருடம். அதனால் போன குளிர்காலத்திலேயே நம் ஊர் மக்கள்தொகையை மாட்டுத் தரகன் கண்ணோடு பார்த்து வைத்தேன். மொத்தம் எண்பத்து மூன்று பேர். குழந்தைகளைக் கழித்தேன். வயதைத் தாண்டியவர்களைக் கழித்தேன். அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அவர்கள் வாண வேடிக்கை விடுகிறார்கள், கேட்டால் தேசபக்தி என்கிறார்கள். மிஞ்சியவர்களில் பாதிப்பேர் உன்னைப்போல் இருமப் பழகிக்கொண்டிருந்தார்கள். போதாததற்குத் தலைநகரிலிருந்து எச்சரிக்கை வேறு வந்தது: தலைவர் கிடைக்காத ஊரைப் பக்கத்து ஊரோடு இணைத்துவிடுவார்களாம். குரோசெக்கோடு! உருக்கிய பாலாடைக்கட்டியில் வெங்காயம் போட்டுத் தின்கிற ஜனங்களோடு!

வழி சொன்னவள் ட்ருடி. விடுதி நடத்துகிற அவளும் பன்றிப்பண்ணை ஆல்வினும்தான் என்னோடு ஊராட்சியில் மாட்டிக்கொண்ட மற்ற இருவர்.

"நம்ம ஜெர்மன்காரர் இருக்காரே," என்றாள்.

"அவருக்குத்தான் குடியுரிமையே கிடையாதே," என்றேன்.

"கொடுத்துட்டா?"

"ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் நாமதானேம்மா இல்லைன்னு சொன்னோம்," என்றான் ஆல்வின்.

"அப்ப அவரால நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்ப இருக்கு."

ஹென்னிங்கை உனக்குத் தெரியும். பாலம் கட்ட வந்த பொறியாளர். பாலம் முடிந்த பிறகும் போகாதவர். பத்தொன்பது வருடமாகியும் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலவே பேசுவார். மனைவி எல்கே நம் சர்ச் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறாள். அவளுக்கு நாம் எந்தத் தேர்வும் வைக்கவில்லை. முதல் தடவை இவர் விண்ணப்பித்தபோது எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார், மலையின் உயரத்தை மீட்டர் கணக்கில் சொன்னார், ஆல்வின் சொன்னதைத் திருத்தவும் செய்தார். இவ்வளவு தெரிந்த மனிதன் நம்மோடு ஒட்ட மாட்டான் என்று நிராகரித்தோம். இரண்டாவது தடவை, வேலையே செய்யக்கூடாத ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டைகளைக் கொடியில் காயப்போட்டதாகச் சாட்சி கிடைத்தது. அதற்கு மேல் என்ன விசாரணை?

நாங்கள் மூவரும் அவர் வீட்டுப் படியேறினோம். கையில் அகதா சுட்ட பேரிக்காய் ரொட்டி, ஒரு புட்டி செர்ரிச் சாராயம்.

"தாங்கள் மூவரும் ஒருசேர வருகை தந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி," என்றார். "எவரேனும் காலமாகிவிட்டனரா?"

"ஐயோ, இல்லைங்க. நீங்க மறுபடியும் மனு போடணும்னு ஊரே ஆசைப்படுது," என்றேன்.

அவர் ரொட்டியைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "தேர்தல் நவம்பரில் அல்லவா?" என்று கேட்டார். எனக்கு இருமல் வந்துவிட்டது. உன் குடும்ப வியாதி. "சிந்தித்துச் சொல்கிறேன்" என்றவர் மறுநாளே மனுவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

குடியுரிமைத் தேர்வுக்குக் கேள்வித் தாள் தயாரிக்கும் பொறுப்பு தலைவருடையது. ஊரின் வரலாறு, புவியியல், மக்கள்தொகை மூன்றிலும் கேள்வி இருக்க வேண்டும் என்பது விதி. வரலாற்றை எழுத உட்கார்ந்தால், பால்ஸ், நம் ஊருக்கு வரலாறே இல்லை. மூடுபனியில் வழி தவறிய ஒரு மாட்டுக்காரன், குரோசெக் வந்துவிட்டதாக நினைத்து இங்கே குடிசை போட்டானாம். பனி விலகியபோது திரும்பிப் போக வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டானாம். நாம் எல்லோரும் அந்த வெட்கத்தின் சந்ததி. பிறகு ஒரு தடவை பிரெஞ்சுப் படை வந்தது; பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு, ஊரைப் பிடிக்காமலேயே போய்விட்டது. புவியியல் அதைவிடச் சுருக்கம். மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் சாலை. சாலையும் பாதி நாள் மூடியிருக்கும். குளிர்காலத்தில் சூரியன் இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது, எட்டிப் பார்க்கிற அன்றைக்கு அது முதலில் யார் கூரையில் பட்டது என்று சண்டை வரும்.

தேர்வன்று நாங்கள் மூவரும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். ஹென்னிங் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நம்ம ஊரு எப்ப உண்டாச்சு?" என்று கேட்டேன்.

"அண்மையில்," என்றார்.

நான் ட்ருடியைப் பார்த்தேன். "மலை எப்ப உண்டாச்சுன்னு பார்த்தா, ஊரு அண்மையிலதான்," என்றாள் அவள். சரி என்று குறித்தேன்.

"ஊருக்கு வடக்கே என்ன இருக்கு?"

"கடல்."

ஆல்வின் நாற்காலியில் நெளிந்தான். "நிக்காம போயிட்டே இருந்தா கடைசியில கடல்தானே வரும்? அவரு வந்ததே அங்கேர்ந்துதானே?" என்றான். அதுவும் சரி.

"மக்கள்தொகை?"

"நாலாயிரம்."

எனக்கு வியர்த்தது. ஆல்வின்தான் காப்பாற்றினான். "என் பன்னிங்களையும் கோழிங்களையும் சேர்த்துச் சொல்றாரு. இந்த ஊர்ல அதுங்களை மதிச்ச முதல் ஆளு இவருதான்யா!" என்று கண் கலங்கினான். நூற்றுக்கு நூறு போட்டுக் கையெழுத்திட்டேன். பாவம், வயதாகிவிட்டது, பதற்றத்தில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் அவர் மனுவுக்குக் கை தூக்கச் சபை கூடியது. ஒரு கைகூடக் கீழே இல்லை. எங்கள் திருட்டு எண்ணம் எங்களுக்குத் தெரியும்; இருந்தாலும் அந்த மனிதர் எழுந்து நின்று, தூக்கிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "எல்கே இதைக் கண்டிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அழுதபோது நானும் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினேன். பத்தொன்பது வருடம் ஒருவரை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறோம். கதவைத் திறந்ததும் அவர் தலையில் மூட்டையை ஏற்றப்போகிறோம். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கம் வீட்டுக்கு வந்து சூப் குடிக்கும்வரை நீடித்தது.

தலைநகரின் கடைசி முத்திரையும் போன வாரம் வந்து, ஹென்னிங் இப்போது முழுக் குடிமகன். வயது அறுபத்து நாலு. சட்டத்தில் தப்ப ஓட்டையே இல்லை. எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் தலைவர், திங்கட்கிழமை நான் விடுதலை, செவ்வாய்க்கிழமை நானும் அகதாவும் கனடாவுக்கு விமானம் ஏறுகிறோம். ஆகவே, மச்சான், ஆபத்து நீங்கியது. கட்டிலை டிராக்டரில் ஏற்று. நம் ஊர்க் காற்று இப்போது மிகவும் சுத்தமாக இருக்கிறது.

உனக்கும் உன் வீட்டாருக்கும், இருமல் இல்லாத உன் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். குரோசெக்காரர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அத்தான்
மைன்ராட்
(ஞாயிறுவரை மட்டும் தலைவர்)

பின்குறிப்பு: தபால்காரர் வராததால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. இன்று திங்கட்கிழமை. மேலே எழுதிய எதையும் நம்பாதே.

நேற்று சபையில், ஹென்னிங் பெயரை முன்மொழிய ஆல்வின் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவரே எழுந்தார். செய்தி வாசிக்கப்போகிறார் என்று நினைத்தோம். மனிதர் நம் ஊர்ப் பேச்சிலேயே ஆரம்பித்தார், நம் மாட்டுக்கொட்டிலில் பிறந்து வளர்ந்தவரைப்போல.

"ஏம்ப்பா, இந்த ஊர்ல நாலாயிரம் பேரு இருக்காங்கன்னு சொன்னவன் நானு. வடக்கால போனா கடலுன்னேன். என்னையப் போயி தலைவராக்கலாமா? ஊரு சிரிக்காது? மைன்ராட்டைப் பாருங்க. எனக்கு ஓட்டுரிமை வாங்கிக் குடுக்கணும்னு ரொட்டி தூக்கிட்டுப் படியேறி வந்த மனுசன். அந்த ஓட்டை வேற யாருக்குப் போடுவேன்? அவரு பேரையே முன்மொழியிறேன்!"

"அட, நம்மாளுய்யா!" என்று ஆல்வின் மேசையைத் தட்டினான். எல்லாக் கைகளும் மேலே போயின. முதலில் உயர்ந்த கை உன் அக்காவுடையது.

வீட்டுக்கு வந்ததும், "கட்டின புருஷனுக்கு இப்படிச் செய்யலாமாடி?" என்று கத்தினேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஹென்னிங்கைத் தலைவராப் போட்டிருந்தா அடுத்த வாரமே என் தம்பி மாதிரி குரோசெக்குக்குக் கிளம்பியிருப்பாரு. அப்புறம் தலைவர் இல்லைன்னு குரோசெக்கோட சேர்த்துடுவாங்க, நம்ம ஊருன்னு ஒண்ணு இருக்காது. அந்தச் சேதி வந்த பிறகு கனடாவுல உங்களுக்கு ஒருவாய் சோறு இறங்குமா?"

யோசித்துப் பார்த்தேன். இறங்காது. அதுதான் வயிற்றெரிச்சல்.

நாளைக் காலை அகதா தனியாகப் புறப்படுகிறாள். ரயில் நிலையம்வரைகூட நான் போக முடியாது. பத்து மணிக்குக் கழிவுநீர்க் கூட்டம்.