அந்நியருக்குக் கொடுத்த பூப்போட்ட டம்ளர்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பும் பாசமும் மிகுந்த ஜாபர் சாதிக் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் ஆஷிஃபா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் பெரியத்தா பெரியம்மா குடும்பமும், கடல் பொங்கினால் வரும் ஓதத் தண்ணீர் ஏறாத பக்கமாக அடுக்கி வைத்த சுக்கு மூட்டைகளும் நலம். பாலக்காட்டில் நீங்களும் மாமியும் கடையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் 'ஹலோ' என்றால் இந்தப் பக்கம் என் நாக்கு ஒட்டிக்கொள்வது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் கடிதம்.

முதலில் டம்ளரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய ஆள் எங்கள் பாக்கிங் கூடத்தில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது பூப்போட்ட டம்ளர். அதை விருந்தாளிக்கு மட்டும்தான் எடுப்பார்கள். பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது, மாமா, சோதனையில் நாங்கள் தோற்றுவிட்டோம் என்று.

முழுக்கச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பெரியத்தாவின் மிளகுத்தூளும் சுக்குத்தூளும் துபாய்க்குப் போவது சுவரில் மாட்டியிருக்கும் அந்த உணவுப் பாதுகாப்புச் சான்றிதழால்தான். இந்த வருடம் அதன் விதிகளை மாற்றிவிட்டார்கள். வெளியிலிருந்து ஆடிட்டர் வருவதற்கு முன்னால் நாமே நம்மைச் சோதித்துக்கொள்ளும் உள் ஆடிட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டுமாம். இத்தனை காலமும் எங்கள் உள் ஆடிட் என்பது, பெரியத்தா கூடத்தின் நடுவில் நின்று "எல்லாம் சரிதானே?" என்று கேட்பது, எல்லோரும் "சரிதான்" என்பது, அவ்வளவுதான். இனி அது செல்லாது என்று எறணாகுளத்திலிருந்து ஆலோசனை சொல்ல வரும் ஹரிநாராயணன் சார் சொல்லிவிட்டார். "தன் வேலையைத் தானே ஆடிட் பண்ணப்படாது. இங்க வேலையே செய்யாதவா யாரு இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் ஒரே சமயத்தில் பெரியத்தா மகன் ஷாஹிர் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன், "எனக்கு ஜிம்முக்கு நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டார். அடுத்து என்னைப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லேபிள் ஒட்டச் சேர்ந்திருந்தேன், இன்னும் ஒரு லேபிள்கூட ஒட்டியிருக்கவில்லை. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வீரலட்சுமி அக்கா, "இந்தக் கொச்சுப் பிள்ள வாயே தொறக்காது சார். யாருக்கும் பாரபட்சம் பாக்காது" என்றார். அப்படித்தான் நான் உள் ஆடிட்டர் ஆனேன்.

புதுக் கேள்விகள் நிறைய இருந்தன. பருவநிலை மாற்றம் உங்கள் கம்பெனியைப் பாதிக்கிறதா என்பது ஒன்று. சார் அதைக் கேட்கும்போது ஓதம் ஏறிக் கால்வாய்த் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. பெரியத்தா இரண்டு காலையும் ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "இதுவரைக்கும் ஒன்னும் தெரியல சார்" என்றார். அதையெல்லாம் எப்படியோ கடந்துவிட்டோம். மாட்டிக்கொண்டது அந்நியர் சோதனையில்தான். உணவில் எவனாவது வேண்டுமென்றே விஷத்தைக் கலந்துவிடாமல் காக்க வேண்டுமாம். அதற்காக யாருக்கும் தெரியாத ஓர் ஆளைச் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே அனுப்பிப் பார்க்க வேண்டும். ஒருத்தராவது "நீங்க யாரு?" என்று கேட்டு நிறுத்தினால் பாஸ். ஆனால் மட்டாஞ்சேரியில் யாருக்கும் தெரியாத ஆளுக்கு எங்கே போவது? சாரின் டிரைவரை அனுப்பினோம். அவர் வீரலட்சுமி அக்காவின் சித்தி மருமகனாம். யூதர் தெரு ஜூ டவுன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்தோம். அவர் அரைக்கிலோ மிளகு வாங்கிக்கொண்டு, எல்லோரோடும் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பெரியத்தா உங்களைக் கேட்டார். உங்கள் கடை ஆள் செல்லப்பாவை, விஷத்துக்குப் பதிலாக ஒரு பொட்டலம் மைதாவோடு அனுப்புகிறேன் என்று நீங்களும் சொன்னீர்கள்.

திங்கட்கிழமை காலையில் அவர் வந்துவிட்டார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆடிட்டர் குறுக்கிடக் கூடாது என்பது விதி, தவிர நான் எப்போதும் நிற்கிற இடமும் அதுதான். கேட்டில் வாட்ச்மேன் வெங்கிடாசலம் சேட்டன் அவரை நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்தேன். சேட்டன் சொன்னது: "கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போங்க." கழுவினார். உள்ளே வந்ததும் பாக்கெட் போடும் சந்தனமாரி அக்கா ஓடிவந்து தலைக்கு வலைத்தொப்பி மாட்டிவிட்டார். விஷம் வைக்க வந்தவர் அவ்வளவு சுத்தமாக இருந்தார், மாமா.

பாவம், அவரும் சொல்லத்தான் பார்த்தார். "நான் எதுக்கு வந்தேன்னா..." என்று ஆரம்பித்தார்.

"பேச்சு எங்க போயிடப்போகுது? வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல சாயா குடிங்க" என்றார் வீரலட்சுமி அக்கா. சாயா முடிந்து மறுபடி "நான் வந்தது..." என்றார். அதே நேரம் பாக்கெட் ஒட்டும் மெஷின் நின்றுபோனது. "மெஷின் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்கள். தெரிந்திருந்தது. சரிசெய்து முடிப்பதற்குள் கப்பக்கிழங்கும் மீன்கறியும் தட்டில் வந்துவிட்டன. இதற்கிடையில் அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலம் எட்டிப் பார்த்தது. "பேரில்லாத பொடி கூடத்துக்குள்ள வரப்படாது" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லி, அதன் மேல் 'விருந்தாளி' என்று லேபிள் ஒட்டி, பினாயில் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாயங்காலம் பெரியத்தா அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "செல்லப்பாதானே?" என்று ரகசியமாகக் கேட்டார். "இல்லைங்க" என்றார் அவர். பெரியத்தாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "என்ன நடிப்பு! ஜாபர் சரியான ஆளத்தான் பிடிச்சிருக்கான்" என்று வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மைதாவை வீணாக்குவானேன் என்று பெரியம்மா அதை எடுத்துவந்து பரோட்டா போட்டார். கொஞ்சம் உதிர்ந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. நான் மூன்று தின்றேன்.

மறுநாள் காலையிலும் அவர் வந்து நின்றார். "நேத்து வந்த விஷயத்தைச் சொல்லவே விடலியே" என்றார். சாயா கொடுத்தார்கள். அப்புறம் தினமும் வருகிறார். இப்போது கேட் சாவி அவரிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஹரிநாராயணன் சார் வந்தபோது கேட்டில் நின்றவர் இவர்தான். "நீங்க யாரு? கார்டு எங்க?" என்று கேட்டு அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டார். சார் வேர்த்துக் கொட்ட உள்ளே வந்து, "இந்தக் கம்பெனியிலேயே விதிப்படி நடக்கறவர் ஒருத்தர்தான், அதுவும் திருடன்" என்றார். அது பாராட்டா திட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், யாராவது அவரை யாரென்று கேட்கும் வரை சோதனை முடியாது, சோதனை முடியாமல் உள் ஆடிட் முடியாது. வெளி ஆடிட்டர் வருகிற வியாழக்கிழமை வருகிறார். அதற்குள் முடியாவிட்டால் சான்றிதழ் போய்விடும், துபாய் லோடு நின்றுவிடும், கூடத்தை மூட வேண்டியதுதான் என்று பெரியத்தா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறக்காமல் சம்பளம் வாங்கக்கூடிய இன்னொரு இடம் கொச்சியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, மாமா. பெரியத்தா ஜாடையாக, "அந்த ஆளு பேரென்ன லட்சுமி?" என்று வீரலட்சுமி அக்காவிடம் கேட்டுப் பார்த்தார். அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அதையேன் கேக்கறீங்க முதலாளி. வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும். நம்ம தட்டுல சோறு தின்ன ஆள இனிமே போயி யாருன்னு கேட்டா மரியாதையா இருக்குமா?" என்றார். வெங்கிடாசலம் சேட்டனுக்கும் அதே கஷ்டம். அவர் இவரை 'சாரே' என்று கூப்பிட்டுச் சமாளிக்கிறார்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து செல்லப்பாவைப் புதன்கிழமைக்குள் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பதில் யாரையாவது அனுப்புங்கள், ஆனால் மெஷின் தெரியாத ஆளாக, பார்க்கக் கொஞ்சம் கோபக்காரராக, முடிந்தால் சாயா குடிக்காதவராக அனுப்புங்கள். மாமிக்கு என் ஸலாம். உங்கள் வியாபாரத்தில் பரக்கத்தும் முழங்காலுக்குச் சுகமும் கிடைக்கட்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்பு மருமகள்,
ஆஷிஃபா
(உள் ஆடிட்டர்)

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது மாமி பெரியம்மாவைப் போனில் கூப்பிட்டார். செல்லப்பா படியில் விழுந்து காலில் கட்டோடு கிடக்கிறாராம், பாலக்காட்டை விட்டு நகரவே இல்லையாம், நீங்கள் சொல்ல மறந்துவிட்டீர்களாம். மைதாப் பொட்டலமும் உங்கள் கடை மேசையிலேயே இருக்கிறதாம். பெரியம்மா போனை வைத்துவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டார். பெரியத்தாவும் கை வைத்துக்கொண்டார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆடிட்டர் நான்தானே. ஓதம் ஏறுகிற நாளென்று மூட்டைகளை மேலே அடுக்க இன்று எல்லோரும் வந்திருந்தார்கள். நான் கூடத்துக்குப் போனேன். அவர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்று, "நீங்க யாரு?" என்று கேட்டேன். கூடத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், என் குரலை அவர்கள் கேட்டதே இல்லை. அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாடா" என்று வாயைத் திறந்தார். அதற்குள் வீரலட்சுமி அக்கா பூப்போட்ட டம்ளரில் சாயாவை அவரிடம் நீட்டினார். நான் குறுக்கே கையை விட்டு அந்த டம்ளரை வாங்கி, மூட்டை மேல் வைத்துவிட்டு, மறுபடியும் கேட்டேன்.