மின்விசிறி வைத்த விமானம்

தரையை விட்டு ஓரடிகூட எழும்பாமல் திண்டுக்கல் முழுக்க 'பைலட்' என்று பெயர் வாங்கிய ஒரே மனிதர், எங்கள் தெரு வெல்டிங் பட்டறைக்காரர்தான்.

வெளிநாட்டிலிருந்து வரைபடம் வரவழைத்து, எரியோடு ரோட்டில் கொட்டகை போட்டு, மரத்திலும் துணியிலும் ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்திலேயே 'எதையும் மாற்றாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பைலட் அதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஒருவர் மட்டும் உட்காரும் விமானத்தில் முதலில் இரண்டாவது சீட்டு வந்தது.

"ஒத்த ஆளுக்குன்னுதானண்ணே வரைஞ்சிருக்கான்?" என்றேன்.

"வரைஞ்சவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது அப்பு. மேரிய விட்டுட்டு நான் மட்டும் எப்பிடிப் போறது?"

மேரி அக்கா அவர் மனைவி. இரண்டு பேர் கனத்துக்காகப் பெரிய இன்ஜின் வந்தது. இன்ஜின் கனத்தில் மூக்கு குப்புறச் சாய்ந்ததால் வாலில் இரும்புக்கட்டி வைத்தார். அக்காவுக்குப் புழுக்கம் ஆகாதென்று தலைக்கு மேல், இறக்கையடியில் ஒரு மின்விசிறி. வானத்தில் காற்றுக்கு என்ன பஞ்சம் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. விசிறிக்கு ஒயர் இழுக்க, இறக்கைக்கு முதுகெலும்பு மாதிரி உள்ளே ஓடும் மரச்சட்டத்தில் ஓட்டை போட்டார்.

"விரல் நுழையுதேண்ணே. சட்டம் தாங்குமா?"

"ஆனையவே நிறுத்தலாம்ப்பு!"

"ஆனை வேணாங்க," என்றார் மேரி அக்கா. "மணல் மூட்டைய வச்சுப் பாப்போம். தாங்குச்சுன்னா நான் ஏறுறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொந்தக்காரர்கள் கூடினார்கள். பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளும். அந்தப் பளுவைத் தரையில் சோதிக்க, விமானத்தைக் கவிழ்த்துப்போட்டு இறக்கைமேல் மூட்டை அடுக்கினோம். பைலட் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்று, "கூசாம வைங்கப்பா!" என்றார்.

சும்மா மிதப்பதற்கான பளுவை இறக்கை தாங்கியது. கைதட்டல். ஆனால் வளைந்து திரும்பும்போது பளு எக்கச்சக்கமாக ஏறுமே, அதற்கும் வைக்கச் சொன்னார் அக்கா. இன்னும் நாலைந்து மூட்டை ஏறியிருக்கும். மடார்! இறக்கை சரியாக அந்த ஓட்டையில் முறிந்து தொங்கியது.

மணல் ஈரம், மரம் மட்டம் என்று ஏதாவது சாக்கு வரும் என்று காத்திருந்தேன். பைலட் இறக்கையைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் மேரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க, எல்லாரும் பாக்குறாக."

அவர் விடவில்லை.

வரைபடத்தில் உள்ளபடி, ஒற்றை ஆளுக்காகவே மறுபடி கட்டலாமே என்று பிற்பாடு கேட்டேன்.

"தனியா மேல போயி யாருகிட்டப்பு பேசுறது?"

விமானம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. எரியோடு ரோட்டில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் அடிக்கடி அந்தக் கொட்டகைக்குப் போய், அவரோடு ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.