முனியாண்டிச் சேவலின் வாலில் வெள்ளை இறகு

குண்டசாலை,
26.07.1994.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் பொன்னையா அவர்களுக்கு,

குண்டசாலையிலிருந்து ராஜலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை வடிவம்மாவும் ஐந்து பெட்டைக் கோழிகளும் சுகம். தெல்தெனியாவில் நீங்களும் பிள்ளைகளும் கடையும் குறைவின்றி இருக்க ஆண்டவன் துணை நிற்பானாக. சேவலின் சுகத்தை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று முனியாண்டிக்கு வெட்டுவதாக நீங்கள் நேர்ந்துவிட்ட கறுப்புச் சேவலை, அதற்கு முன் வித்துக்குக் குஞ்சு எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன் என்று சித்திரை வருசப் பிறப்பு முடிந்த கையோடு நான் வாங்கி வந்தேன். எதற்காக நேர்ந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. கடை விஷயமாகத்தான் இருக்கும். உங்கள் அப்பா கறுப்பையா மாமா தோட்டத்தில் வளர்த்த இனத்தில், கலப்பில்லாமல் மிஞ்சிய சேவல் அது ஒன்றுதான். கொண்டை முதல் வால் வரை ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. வெயில் பட்டால் கறுப்புக்குள் பச்சை ஓடும். கூவத் தொடங்கினால் அது முடிவதற்குள் நாம் ஆறுதலாகப் பதினொன்று வரை எண்ணலாம். என்னுடைய கோழிகளும் அந்த வம்சம்தான், ஆனால் இடையில் கலந்துபோனவை. அவற்றுக்குப் பிறக்கும் சேவல்கள் நாலு எண்ணுவதற்குள் தொண்டை அடைத்து நின்றுவிடும். அந்த நாலைப் பதினொன்றாக்க வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு ஆசை இல்லை மச்சான்.

சோதனை பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டது. திகன தாண்டியதும் அது கூடைக்குள்ளிருந்து தலையை நீட்டி ஒரு கூவல் கூவியது பாருங்கள், பின்னால் ஏதோ பெரிய வாகனம் வழி கேட்கிறது என்று நினைத்த டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். பின்னால் ஒருவரும் வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு, இதன் பேரன்மார் மலைக்கு ஒன்றாக நின்று, குண்டசாலையில் ஒன்று தொடங்க, அடுத்தது வாங்கிக் கூவ, அப்படியே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மேலாகப் போய், தண்ணீருக்கடியில் கிடக்கிற பழைய தெல்தெனியா வரைக்கும் அந்தச் சத்தம் இறங்குவதாக நினைத்துப் பார்த்தேன். நினைத்துக்கொண்டே இருந்ததில் இறங்க வேண்டிய இடத்தை விட்டு, கண்டி டவுனுக்கே போய்ச் சேர்ந்தேன்.

முதல் அடைக்குப் பதின்மூன்று முட்டை வைத்தோம். உங்கள் தங்கை அதற்குள் ஓர் இரும்பு ஆணியும் அடுப்புக்கரித் துண்டும் போட்டாள். முனிசிபல் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவன் வீட்டில் இதென்ன மூடத்தனம் என்று நான் இரண்டையும் எடுத்து எறிந்தேன். "எடுக்காதீங்க, இடி விழுந்தா முட்டை கலங்கிப் போகும்" என்றாள். நான் கேட்கவில்லை. அந்த வாரம் இடித்த இடியில் கூரைத் தகரமே அதிர்ந்தது. பதின்மூன்றும் கூழ் முட்டை. உங்கள் தங்கை ஆணியைத் தேடி எடுத்துக் கழுவி மாடத்தில் வைத்தாள், அவ்வளவுதான். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டாவது அடையில் ஏழு குஞ்சுகள் பொரித்தன. அதில் ஆறு, சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளியோடு வந்தன. பக்கத்து வீட்டு மக்கீன் நானாவிடம் ஒரு வெள்ளைச் சேவல் இருக்கிறது. நேரே போய், உங்கள் சேவல் என் வேலியைத் தாண்டி இரண்டு மாத வேலையைப் பாழாக்கிவிட்டது என்று முறையிட்டேன். அவர் தேத்தண்ணீர் தந்து, அமைதியாகச் சொன்னார்: "எங்கட சாவல் ஒரு நாளும் வேலி பாயல்ல ஐயா. ஒங்கட கோழிகள்தான் இஞ்ச வந்து போற." பெண் வீட்டார் தலைகுனிவது எப்படி என்று அன்றுதான் அறிந்தேன். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பிறகு மூன்று வாரம் கோழிகளை அடைத்து, நம் சேவலைத் தவிர ஒன்றும் அண்டாமல் காவல் இருந்து, இம்மாதம் ஒன்பதாம் தேதி மூன்றாவது அடை வைத்தேன். ஆணி போட்டேன். ஒன்றல்ல, மூன்று. எட்டாம் நாள் காலையில் குசினி ஜன்னல் பலகையில் உள்ள ஓட்டை வழியாக வெயில் விழும்போது ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தேன். மச்சான், உள்ளே சிவப்புச் சிவப்பாக நூலோடி, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உலகம் உண்டாகும்போது இப்படித்தான் இருந்திருக்கும் போல. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பில் சோறு கரிந்ததைக்கூட நான் அறியவில்லை. பதினொரு முட்டைக்கு உயிர் பிடித்திருக்கிறது. குஞ்சு ஓட்டுக்குள் இருக்கும்போதே தகப்பனின் குரலைக் கேட்டால் குரல் நீளும் என்று எனக்குத் தோன்றுவதால், சேவலை அடைக்கூடைக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். அது கூவும், நான் எண்ணுவேன், முட்டைகள் கேட்டுக்கொண்டிருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடந்த சனிக்கிழமை சேவலின் வாலில் ஒரு வெள்ளை இறகு தென்பட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று முறை பார்த்தேன். வெள்ளைதான். புள்ளி விழுந்ததைச் சாமிக்குக் கொடுப்பது முறையல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மேற்படி சேவல் நேர்த்திக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன். போதாக்குறைக்கு அதற்கு உடம்பும் சரியில்லை. தீன் எடுப்பதில்லை, ஓய்ந்துபோய் நிற்கிறது. நேற்றுக் காலை கூவும்போது எண்ணினேன், பன்னிரண்டு. இந்த நிலையில் பஸ்ஸில் அனுப்பினால் வழியிலேயே போய்விடும். அடுத்த ஆடி வரை பொறுத்தால், ஒன்றுக்கு மூன்றாகப் புள்ளியில்லாத சேவல் தருவேன். இதில் எனக்குச் சொந்த விருப்பம் எதுவும் இல்லை என்பதை நம்புங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். முனியாண்டி உங்களையும் உங்கள் கடையையும் காப்பாராக. இறகு விஷயத்தில் என்னையும் மன்னிப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
மு. ராஜலிங்கம்
(ஓய்வுபெற்ற கிளாக்கர்)

பி.கு: அண்ணே, நான் வடிவு எழுதுறேன். ஒட்டிப் போடச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சிட்டேன். அந்த வெள்ளை இறகு, என் வெத்தல டப்பாவுல இருந்த சுண்ணாம்பு. நேத்து மழையில கரைஞ்சு போச்சு, இன்னைக்கு மறுபடியும் பூசிட்டு வந்து ஒண்ணுந் தெரியாத மாதிரி கைய கழுவுறாரு. சேவலுக்கு ஒரு நோயும் இல்ல, என் அரிசியெல்லாம் அதுதான் திங்குது. நீங்க கடைக்காக நேந்துக்கிட்டதா நெனச்சுக்கிட்டு இருக்காரு. நான் ஒண்ணும் சொல்லல. பென்சனுக்கு வந்த நாள்ல இருந்து ரெண்டு வருசமா செவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்த மனுசன் எந்திரிச்சு நடமாடணும்னு நீங்க முனியாண்டிகிட்ட அழுதது எனக்குத் தெரியும். இப்ப சேவல் எந்திரிக்க முன்னுக்கே எந்திரிச்சு, அது எப்பக் கூவும்னு பக்கத்துல குந்திக்கிட்டு இருக்காரு. ஆடிக் கடைசி வெள்ளிக்குத் தேங்காயும் பழமும் எடுத்துக்கிட்டு நான் வாறேன், சாமிகிட்ட நானே பேசிக்கிறேன். சேவல் வராது. அத வெட்டினா, அண்ணே, நீங்க அதே நேத்திய மறுபடியும் வைக்கணும்.