ஒன்பதாயிரத்தில் சிக்கிய மாமா

என் வாழ்க்கையில் நான் மிகக் கேவலமாக, ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கும்படி திட்டிய ஆள் ஒன்று உண்டென்றால், அது நான்தான். திட்டிய ஒன்றரை மணி நேரமும் அது நான் என்று எனக்குத் தெரியாது என்பதுதான் விசேஷம்.

எனக்கு ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. கம்பெனியின் மூளை, மெயின்பிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர். அது வெளியுலகத்தோடு பேசும் நெட்வொர்க் இணைப்புகளைக் கவனிப்பது என் பொறுப்பு. சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மண்டைக்கனத்துக்கு மட்டும் இருபது வருட சர்வீஸ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, குடல்வால் ஆபரேஷன் முடிந்து நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று சாயங்காலம் பக்கத்தில் பூதப்பாண்டி என்ற ஊரில் இருக்கும் வீட்டில் அவர் மகள் சிந்துவுக்கு நிச்சயதாம்பூலம். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண்ணின் அப்பா போய்த் தட்டு மாற்றியாக வேண்டும். டாக்டர் காலையிலேயே வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார். காப்பீட்டு அனுமதிக் கடிதம் மட்டும் பாக்கி. அந்தக் கடிதம் வரவேண்டியது என் கம்பெனியிலிருந்து.

“கையில இருந்து பணம் கெட்டிட்டுப் போயிருவோம், பொறவு வாங்கிக்கிடலாம்” என்றாள் மாமி.

“எனக்க மருமவளுக்க கம்பெனி இருக்கச்சே நான் எதுக்குட்டி கெட்டணும்?” என்றார் மாமா. கட்டிலை விட்டு இறங்க மாட்டாராம். அவ்வளவு பெருமை.

அந்த மருமகளான நானோ கட்டில் ஓரம் லேப்டாப்பும் கையுமாக இருந்தேன். அன்று எனக்கு டியூட்டி. மெயின்பிரேம் ஒரு தடவைக்கு எவ்வளவு பெரிய பொட்டலமாகத் தகவலை அனுப்பலாம் என்று ஓர் உச்ச அளவு உண்டு. அது ஆயிரத்து ஐந்நூறு பைட்டாக இருந்தது. புது நெட்வொர்க் கார்டு போட்டிருந்ததால் ஒன்பதாயிரம் ஆக்கலாம். பெரிய பொட்டலம் என்றால் வேகம் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

சென்னையிலிருந்து மேலதிகாரி ராகவன் போனில் கேட்டார்: “நம்ம மெஷின் தாங்கும் மேடம், நடுவழி தாங்குமா? பெரிய பாக்கெட் அனுப்பிப் பாத்துட்டுதானே மாத்தறீங்க?”

“பாத்தாச்சு சார்.”

(பார்க்கவில்லை. பிங் என்று ஒன்று உண்டு. “இருக்கியா?” என்று ஒரு சின்னத் தகவல் போகும், “இருக்கேன்” என்று திரும்பி வரும். வந்தது. என்னைப் போன்ற மேதைக்கு அது போதாதா?)

பன்னிரண்டு பத்துக்கு ஒன்பதாயிரம் என்று அடித்து லேப்டாப்பை மூடினேன்.

ஒரு மணிக்குக் காப்பீட்டுக் கவுண்டருக்குப் போனேன். அங்கே ஜெபா என்ற, கருங்கல் ஊர்க்காரப் பெண். “விண்ணப்பம் கிடைத்ததுன்னு வருது அக்கா. கடிதத்தத் தொறந்தா சுத்திக்கிட்டே கெடக்கு” என்றாள்.

பிடித்ததே சனி. “எவனோ மூளைய வீட்டுல வச்சிட்டு வேலைக்கு வந்திருக்கான்!” என்று ஆரம்பித்தேன். “இவனையெல்லாம் சம்பளம் குடுத்து வச்சிருக்கானுவ பாரு!” வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற பெண் தலையாட்டினாள். காலில் மாவுக்கட்டு போட்டவர் கூடச் சேர்ந்து திட்டினார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. போராட்டத்துக்குத் தலைமை தாங்குவதாகவே நினைத்துக்கொண்டேன்.

இரண்டரைக்கு மாமி, வீட்டிலிருந்து வந்த போனும் கையுமாக ஓடிவந்தாள். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு மக்களே. அப்பா வராம தட்டு மாத்தாண்டாம்னு சிந்து கண்ணீர் விட்டுக் கரையுதா. நீ ஏதாவது செய்யி.”

அப்போதுதான், ஒன்றரை மணி நேரம் கத்தியபின், கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். “எப்பயில இருந்து ஜெபா இப்படி?”

“பன்னிரண்டு மணி வர நல்லா வந்துச்சு அக்கா. பத்து நிமிஷம் கழிஞ்சதும் நின்னுட்டு. சின்னச் சின்ன சேதி மட்டும் வருது, கடிதம் வரல்ல.”

பன்னிரண்டு பத்து, நான் ஒன்பதாயிரம் அடித்த நேரம். கால்வாய்ப் பாலத்தில் பைக் போய் வந்ததைப் பார்த்துவிட்டு டாரஸ் லாரியை அனுப்பியிருக்கிறேன். நடுவழியில் ஒரு பழைய கருவி ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் தாங்காது. பொட்டலத்தைப் பிரித்து அனுப்பவும் அனுமதி இல்லை. “போகாது” என்று அது சொன்ன பதிலை எங்கள் பாதுகாப்பு வேலி தடுத்துவிட்டது. மெயின்பிரேம் பாவம், பெரிய பெரிய கடிதங்களாக அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

மாமாவின் கட்டிலருகே இருந்த லேப்டாப்புக்கு ஓடினேன். பழைய அளவை அடித்தேன். கைக்குழந்தைக்காரி அத்தனை நேரம் வரிசையில் நின்றது நினைவுக்கு வந்து, செத்துப்போகலாம் போல இருந்தது.

“அக்கா, வந்துட்டு!” என்று ஜெபா கூவினாள். வரிசை கைதட்டியது. “யாருகிட்ட பேசினிய?”

“மேலிடத்துல பேசினேன்” என்றேன். (வெட்கங்கெட்ட ஜென்மம்.)

மாமாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் காரை எடுக்கும்போது மணி மூன்றரை தாண்டிவிட்டது. “பாத்தியாட்டி? ஒரு போன் போட்டா, கம்பெனி நடுங்கிட்டு!” என்று மாமா மாமியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்து, கார் ஸ்பீக்கரில் ராகவன் குரல் முழங்கியது.

“மேடம், ஒன்பதாயிரம் போட்டது நீங்க. ஊர்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் கடிதம் நின்னு போச்சு. பெரிய பாக்கெட் அனுப்பிப் பாத்தேன்னீங்களே, பொய்தானே?”

“பொய்தான் சார்” என்றேன்.

“அப்ப நீ மத்தியானம் பூரா ஏசினது ஒன்னையத்தானா?” என்றாள் மாமி. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சிரிக்க வைக்காதிய, தையல் பிரிஞ்சிரும்!”

நாலே காலுக்கு, கையில் ஊசி பிளாஸ்திரியோடு, மாமா தட்டு மாற்றினார். மாற்றிய கையோடு மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரிடமும் என் கதையைச் சொல்லியும் முடித்தார்.

போன மாதம் சிந்துவுக்குப் பிரசவத் தேதி குறித்தார்கள். மாமா போன் செய்தார். “மக்களே, அன்னைக்கு ஒனக்கு லீவு போட முடியுமா?”

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. “கண்டிப்பா மாமா. காலையிலேயே வந்து சிந்து கூட இருக்கேன்.”

“நீ இஞ்ச வராண்டாம். வீட்டுல கெடந்து ஒறங்கு. அந்தக் கம்ப்யூட்டரத் தொடாம இருந்தாப் போரும்.”

லீவு போட்டேன்.